மொட்டைவாலருக்கு விட்ட மூலை

1

அப்பாவின் திவசத்துக்கு இங்கே சுவிசில் நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அரைநாள் லீவு போட்டு, தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கி, நாலைந்து மரக்கறி சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் படைப்பேன். இலை பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வரும், விரிக்கும்போது மடிப்பில் கிழியும். கிழிந்தால் கிழியட்டும், அப்பா ஒன்றும் கோபிக்கப் போவதில்லை. முறையான திவசத்தை ஊரில் தம்பி குணம் செய்வான். ஐயரைக் கூப்பிட்டு, மட்டக்களப்பில் களுதாவளை வீட்டில், நாலு சனத்துக்குச் சோறு போட்டு. நான் செய்வது என் மனச்சமாதானத்துக்கு.

இந்தமுறை படையலை முடித்துவிட்டுத் தம்பிக்கு வாட்ஸப்பில் எடுத்தேன். அங்கே எல்லாம் முடிந்ததா என்று கேட்டேன்.

"செய்யல்ல அக்கா. துடக்கு."

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. ஊரில் யாரும் செத்தால் முதலில் எனக்குத்தான் செய்தி வரும். "ஆருக்கு என்ன நடந்த? மறைக்காமச் சொல்லு."

"மனிசருக்கு ஒண்டுமில்ல. நம்மட மொட்டைவாலர் செத்துப் போயிற்றார். நம்மட வயலுக்குள்ளதான் விழுந்து கிடந்தார்."

"என்னடா சொல்றா? ஆனைக்கா துடக்குக் காக்கிறா?"

"ஓம் அக்கா. விதைநெல்லையும் நான் தொடமாட்டன். இந்த மாரிக்கு நான் விதைக்கல்ல."

சொல்லிவிட்டு மச்சாளிடம் போனைக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி வசந்தி வாயைத் திறந்தாள் பாருங்கள், மூட எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. "உங்கட தம்பிக்கு விசர் மச்சாள்! வட்டை முழுக்க விதைச்சு முடிக்கிற நேரம். இவர் ஆனைக்குத் துடக்கெண்டு கதிரையில இரிக்கார்!"

வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கிற ஒரு பெரிய வெளி. அதில் எங்கள் வயல் காட்டோடு முட்டிக்கொண்டு நிற்கிற கடைசி வயல். ஒரு போகம் விதைக்காமல் விட்டால் புல்லும் பற்றையும் ஏறிவிடும். பற்றை ஏறினால் யானை பகலிலும் அங்கேயே நிற்கும். பிறகு பக்கத்து வயல்காரர் எல்லாருக்கும் நாசம். அதனால் விதைப்பு முடிகிற திகதிக்குள் விதைக்காதவனை வட்டையில் சும்மா விடமாட்டார்கள். வயலை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லுவார்கள். தம்பிக்கு அந்த வயலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான்.

2

மொட்டைவாலரைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வால் நுனி இல்லாத ஒரு தனியன் யானை. எனக்குக் கலியாணம் ஆகுமுன்பே அது எங்கள் வட்டைக்கு வந்துபோகத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்கு வீடு கடற்கரைப் பக்கம், வயல் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். குருமண்வெளியில் 'பாதை' ஏறி வாவியைக் கடந்து, மண்டூர் போய், அங்கிருந்து உள்ளே போகவேண்டும். பாதை என்பது வாகனமும் ஏறுகிற மிதவை. பாதையில் இருக்கிறவரைக்கும் அதை "மொட்டைவாலன்" என்போம், வாய்க்கு வந்தபடி ஏசுவோம். வட்டைக்குள் காலை வைத்தபிறகு அது "மொட்டைவாலர்". வா, போ என்று அங்கே யானையோடு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். "வந்தவர்", "நிண்டவர்", "போயிற்றார்" என்றுதான் பேச்சு. வாயில் மரியாதை குறைந்தால் வரம்பில் மரியாதை குறையும் என்று அப்படி ஒரு பழக்கம்.

காட்டோரம் உள்ள மூலையில் ஒரு துண்டை அப்பா அறுக்காமல் விடுவார். விதைப்பார், தண்ணி கட்டுவார், கடைசியில் விட்டுவிடுவார். "ஐயாட மூலை" என்று அதற்குப் பெயர். கதிர் முற்றினதும் காட்டுப் பக்கம் பார்த்து, "ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன். உங்கட பங்கு மூலையில இரிக்கு. எடுத்திட்டுப் போங்க, உள்ளுக்கு வராதங்க" என்று உரத்துச் சொல்லுவார். யானை சொன்னபடி கேட்டதா என்று கேட்காதீர்கள். சில வருடம் கேட்டது. சில வருடம் மூலையையும் தின்று, உள்ளே வந்து மிச்சத்தையும் மிதித்துவிட்டுப் போனது.

ஊர் என்றதும் தேனும் பாலும் ஓடியது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். யானை என்றால் பயம். வயலுக்குள் கட்டின வாடிக் குடிசையில் நெல்மூட்டை வாசத்துக்குச் சுவரை இடித்துக்கொண்டு வரும். காவலுக்குப் போய் மிதிபட்டுச் செத்த ஆட்களை எனக்குத் தெரியும். தம்பியின் இடதுகால் இழுத்து இழுத்து நடக்கிறதே, அதுவும் இதே மொட்டைவாலரின் வேலைதான். சில வருடத்துக்கு முன் வாடியைத் தள்ளிவிட்டது. ஓடின தம்பி வாய்க்காலுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி போனில் என்னிடம், "அந்த நாசமாப் போவான் சாகமாட்டானா அக்கா" என்று அழுதவன் அவன்.

அதே ஆள்தான் இப்போது துடக்குக் காக்கிறேன் என்று நிற்கிறான். எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

3

மறுநாள் விடிய நான் காரட் கழுவப் போய்விட்டேன். அதுதான் என் தொழில். ஆற்றோரச் சமவெளியில் ஊர்ஸ் என்ற ஒரு சுவிஸ் விவசாயியின் பண்ணை. நான் வந்த காலம் தொட்டு அங்கேதான் வேலை. காரட், செலரி, லீக்ஸ். கழுவி, தரம் பார்த்து, பெட்டியில் அடுக்குவது.

ஊர்ஸின் பண்ணை ஓரம் ஒரு ஓடை போகிறது. அதில் பீபர் இருக்கிறது. ஆங்கிலத்தில் பீவர் என்பார்கள். நாய் அளவில் ஒரு எலி என்று வைத்துக்கொள்ளுங்கள், வால் மட்டும் அகப்பை. பல்லால் மரத்தை அறுத்து விழுத்தி, மண்ணும் தடியும் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். அணை கட்டினால் தண்ணி எங்கே போகும்? ஊர்ஸின் செலரிக்குள்தான்.

அது வந்த முதல் வருடம் அந்த மனிதன் போட்ட சத்தம்! அணையை உடைக்கலாம் என்று நான் மண்வெட்டியோடு வெளிக்கிட்டேன். "வேண்டாம், தொடாதே!" என்று ஓடிவந்து பறித்துவிட்டார். இங்கே அந்த அணையில் ஒரு தடியை எடுக்கவும் அனுமதி வேண்டும். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நீளமான ரப்பர் காலணி போட்டாள், அளந்தாள், படம் எடுத்தாள், எழுதினாள். அனுமதி வருமுன் செலரி அழுகிவிட்டது. ஒரு எலிக்கு இந்த நாட்டில் இவ்வளவு ஆள் இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது.

ஒருநாள் நான் காரட் இலைகளைக் கொட்டப் போனேன். ஓடைக்கரையில் அது நின்றது. நான் ஒரு அடி பின்னால் வைத்து, என்னை அறியாமல், ஜெர்மன் மொழியில், "தயவுசெய்து போங்கள்" என்று சொல்லிவிட்டேன். இங்கேயும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. நாய்க்கும் பூனைக்கும் யாரும் 'நீங்கள்' சொல்லுவதில்லை. பின்னால் நின்ற ஊர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்ணை முழுக்கக் கதை பரவி, அன்றிலிருந்து எல்லாரும் அதை "திருவாளர் பீபர்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தப்பும் தவறுமாகப் பேசும் ஜெர்மனில் அவர்கள் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பிறகு ஊர்ஸ் மெல்ல மெல்ல மாறினார். ஓடையோரம் ஒரு அகலப் பட்டையைப் பயிர் செய்யாமல் விட்டார். அரசாங்கம் நட்டஈடு கொடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இப்போது பின்னேரக் கோப்பியை அங்கே கொண்டுபோய்க் குடிக்கிறார். நான் ஒருநாள் மெச்சிச் சொன்னேன். அவர் முகத்தைச் சுழித்தார். "என்னை மெச்சாதே. இந்த ஆற்றில் இருந்த கடைசிப் பீபரைக் கொன்று தின்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஒன்றும் இல்லாமல் போனபிறகு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டோம். இப்போது பட்டை விட்டோம் என்று பெருமைப்படுகிறோம்" என்றார்.

அப்போது அது எனக்கு ஒரு நல்ல பேச்சாகத்தான் பட்டது. அவ்வளவுதான்.

4

அன்று வேலை முடிந்து வந்து தம்பிக்கு மறுபடி எடுத்தேன். ஊர்ஸின் கதையைச் சொல்லி, பெரிய புத்திசாலியைப் போல, "தம்பி, நீங்களும் காட்டுப் பக்கமாக் கொஞ்சத்தை விட்டுப் பாருங்களன். இஞ்ச அப்படித்தான் செய்யிறாங்க. மற்ற ஆனைகளாவது உள்ளுக்கு வராம நிக்கும்" என்றேன்.

"அக்கா, அப்பா விட்டவர்தானே. நீ மறந்திட்டயா?"

அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த இலை இன்னும் குப்பைக்குப் போகவில்லை. அதற்குள் அப்பாவின் மூலையைச் சுவிஸ்காரனின் கண்டுபிடிப்பாக்கி அவருடைய மகனுக்கே நான் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு காலத்தில் எனக்குள் எது எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மூலை எப்படிப் போனது என்று அவனே சொன்னான். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போகமுடியாமல் கிடந்தது. திரும்பிப் போனபோது காட்டோரம் மின்வேலி வந்தது. நல்ல வேலி, எல்லாருக்கும் சந்தோசம். வேலி வந்தபிறகு வேலிக்கு உள்ளே எவன் யானைக்கு மூலை விடுவான்? எல்லாரும் வேலிக்கால் வரைக்கும் உழுதார்கள். யானையும் மடையன் இல்லை. பட்ட மரத்தைத் தூக்கி வேலிக்கு மேல் போட்டுக் கடக்கப் பழகிக்கொண்டது. முன்பு வாயால் சொன்னதை இப்போது ஆனைவெடியால் சொன்னார்கள். வெடிக்கும் பழகிவிட்டது. பிறகு சிலபேர் களவாக வீட்டு மின்சாரத்தில் கம்பி இழுக்கத் தொடங்கினார்கள்.

"மரியாதையாக் கதைக்கிறதும் நிண்டு போச்சு அக்கா. இப்ப வட்டைக்குள்ளயும் 'அது', 'இது'தான். நானும்தான்."

5

இந்த இடத்தில் என் மகள் ஆரணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆரணி இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். குளிர்காலத்தில் ஆற்றங்கரை வழியே நடந்து பீபர் கடித்த மரங்களைக் கணக்கெடுக்கப் போகிறாள். சம்பளம் இல்லாமல்! கோயிலுக்குக் கூப்பிட்டால் மட்டும் கால் நோகும். தமிழ் விளங்கும், பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு ஜெர்மன் சொல் வந்து குந்தும்.

எங்கள் மட்டக்களப்பில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாக எழுதுவது. அந்த வயலும் எனக்கு எழுதினது. எனக்குப் பிறகு ஆரணிக்கு. போன வருடம் வீடியோவில் தம்பி வேடிக்கையாக, "வயல்காரம்மா, எப்ப வந்து உன்ர வயலப் பாக்கப் போறா?" என்று கேட்டான். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "எனக்கு வேண்டாம் மாமா. அது யானையுடைய இடம். திருப்பிக் குடுத்திருங்க" என்றாள்.

"சரி புள்ள. குடுத்திட்டு மாமா எங்க போற?"

அவள் போனை என் கையில் திணித்தாள். அவனும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. நான்தான் நடுவில் நின்று, மாமா சுகம் கேட்டார், ஆரணி சுகம் கேட்டாள் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொட்டைவாலர் செத்த செய்தியைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. உடனே, "படம் இருக்கா? மாமாவிட்ட கேளுங்க, நான் போடுறன். எல்லாரும் பாக்கவேணும்" என்றாள். நானும் கேட்டேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த வீட்டுப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுறயா? அண்டைக்கு வந்த சனம் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு நிண்டது காணும்."

அப்போதுதான் நடந்ததை முழுதாகச் சொன்னான். விடியக் காலையில் போனபோது வரம்பில் தலையை வைத்துப் படுத்தமாதிரிக் கிடந்ததாம். பக்கத்தில் கருகின கம்பி. யார் இழுத்த கம்பி என்று வட்டைக்குள் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு முதலில் சந்தோசம்தான் வந்ததாம். "பொய் சொல்லமாட்டன் அக்கா, அப்பாடா எண்டுதான் இருந்த." பிறகு கிட்டப் போயிருக்கிறான். கண் திறந்தபடி இருந்திருக்கிறது. வாய்க்குள் பாதி மென்ற புல். அறுவடைக் காலம்கூட இல்லை, உழுத வயலில் தின்ன என்ன இருக்கிறது? பழைய மூலைக்கு வந்து பார்த்திருக்கிறது.

அதிகாரிகள் வந்து பார்த்து, அறுத்துச் சோதித்து, பெக்கோ மெசினால் அந்த மூலையிலேயே குழி வெட்டினார்கள். தம்பி உடுத்திருந்த வேட்டியை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு நின்றுகொண்டு, அதன் முகத்தில் போட்டானாம். "முகத்தை மட்டும்தான் மூடிச்சு" என்றான். பிறகு வாவியில் முழுகிவிட்டு வந்து, வசந்தியிடம் துடக்கு என்று சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா?" என்று கேட்டேன்.

"அப்பா அவருக்குச் சோறு போட்டவர் அக்கா. நம்மட அடுப்பில பங்கு வாங்கினவர். அப்ப அவர் நம்மட ஆள்தானே. நாம நிப்பாட்டிப்போட்டம். அதுக்கு வேற என்ன செய்ய?"

6

துடக்கு என்றால் என்ன என்று ஆரணி கேட்டாள். சாவு நடந்தால் உறவுக்காரர் குறிப்பிட்ட காலம் கோயிலுக்குப் போகாமல், நல்ல காரியம் தொடங்காமல் ஒதுங்கி இருப்பது என்று சொன்னேன். விதைப்பும் நல்ல காரியம்தான்.

"அப்ப மாமா வீட்டில எல்லாருக்கும் இருக்கா?"

"இல்லை. எங்களில் குடி என்கிற வம்சம் தாய்வழிதான். மாமாவும் நானும் ஒரு குடி. மாமி வேறு குடி. மாமாவின் பிள்ளைகள் மாமியின் குடி. அவர்களுக்கு இல்லை. மாமாவுக்கும் எனக்கும்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிறகு உனக்கும்" என்றேன்.

"எனக்குமா?" என்று அவள் கதிரையில் நிமிர்ந்தாள். "அங்க இருக்கிற மச்சான்மாருக்கு இல்ல, இங்க இருக்கிற எனக்கு இருக்கா?"

"ஓம். நீ என் வயிற்றில் பிறந்தவள்தானே."

அவள் எழுந்து போனாள்.

அந்த வாரம் இங்குள்ள கோயிலில் எங்கள் குடும்பத்து உபயப் பூசை. வருடத்துக்கு ஒருமுறை, நாள் குறித்துப் பதிந்து வைப்பது. துடக்கு, முடியாது என்று சொல்லக் கோயில் செயலாளருக்கு எடுத்தேன். யார் தவறினது, என்ன முறை என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "யானை" என்றேன். "ஆ?" என்றார். விளங்கப்படுத்தினேன். பிறகு, "அக்கா, சுகமில்லை என்று போடுறன்" என்றார். பாவம், நல்ல மனிதர். என்னை ஒரு மாதிரியாகத்தான் நினைத்திருப்பார்.

வீட்டுக்குள் வந்தால் ஆரணி தன் அறையில் ஜெர்மனில் போன் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சிநேகிதியின் பிறந்தநாள் விருந்துக்கு வரமுடியாது என்று சொன்னாள். காரணம் கேட்டிருக்க வேண்டும். "எங்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டார்" என்றாள். "இல்லை, வயதானவர். அம்மாவின் பக்கம்."

நான் குசினியில் போய் நின்று அழுதேன். சந்தோசத்திலா துக்கத்திலா என்று கேட்டால் எனக்கே தெரியாது. பிள்ளை கையை விட்டுப் போய்விட்டாள் என்று நான் நினைத்த வருடங்கள் எத்தனை! அவளைக் கூட்டிக்கொண்டு வர ஒரு யானை சாகவேண்டி இருந்ததே.

7

விதைப்பு முடிகிற திகதி நெருங்கியது. வட்டைக் கூட்டத்தில் தம்பியைக் கூப்பிட்டு, விதைக்காவிட்டால் வயலை வேறு ஆளுக்கு விடச்சொல்லி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். தம்பி, "துடக்குக் கழியட்டும்" என்றானாம். துடக்குக் கழிவதற்குள் திகதி போய்விடும். ஒருவன் பின்னால் நின்று பிளிறிக் காட்டினானாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னவள் வசந்தி. சொல்லிவிட்டு, "அந்தச் சிரிப்பக் கேட்டதோட எனக்கு ஏறிற்று மச்சாள்" என்றாள். வீட்டுக்கு வந்து விதைநெல்லை எடுத்து ஊறப்போட்டிருக்கிறாள். தம்பி தடுத்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"துடக்கு உங்கட குடிக்குத்தானே? நான் வேற குடி. எனக்கென்ன துடக்கு? தள்ளி நில்லுங்க!"

முளை கட்டின நெல்லைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு, இரண்டு கூலிக்காரரோடு பாதை ஏறி, சேற்றில் இறங்கி, அவளே வீசி விதைத்தாள். எங்கள் வட்டையில் பெண்கள் களை பிடுங்குவார்கள், கதிர் அறுப்பார்கள், விதை வீசுவது ஆண்களின் வேலை. பார்த்தவர்கள் வரம்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்களாம். தம்பி வயலுக்குள் கால் வைக்காமல் வீதியில் நின்று, இப்படி எறி, அப்படி எறி என்று கை காட்டிக்கொண்டு நின்றானாம். "விளங்குது, வாயப் பொத்திக்கொண்டு நில்லுங்க!" என்று இவள் சேற்றுக்குள்ளிருந்து கத்தியிருக்கிறாள்.

"குழி மூடின இடத்தை என்ன செய்தாய் வசந்தி?" என்று கேட்டேன்.

"அந்த மண்ணுக்கு மேலயும் ரெண்டு பிடி எறிஞ்சன் மச்சாள். எனக்கு அவரைக் கண்ணில காட்டேலாது, என்ர புருசன்ட கால முறிச்சவர். எண்டாலும் வெறுமனே விட மனசு வரல்ல."

வயல் தப்பியது.

8

இப்போது பங்குனி. இங்கே ஓடையில் பனி உருகித் தண்ணி பெருகி ஓடுகிறது. ஊர்ஸின் பட்டையில் பீபர் போன வருடத்துக் குட்டிகளோடு திரிகிறது என்று ஆரணிதான் வந்து சொன்னாள். கந்தோர்ப் பெண்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் பெருமை.

அங்கே அறுவடை முடிந்துவிட்டது. வெட்டுமெசின்காரனிடம் மூலையைத் தொடவேண்டாம் என்று தம்பி சொல்ல, "இந்த விளைச்சலையா விடுறீங்க?" என்று அவன் தலையில் கை வைத்தானாம். வயல் முழுக்க எப்படியோ, அந்தக் குழி மண்ணில் நெல் இடுப்புக்கு மேல் வளர்ந்து கிடந்தது. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் எடுத்தான். என்னைக் கேட்கவில்லை. "வயல்காரம்மா இரிக்கிறாவா?" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு. ஆரணி ஓடிவந்து என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

காட்டினான். சுற்றிவர வெட்டின தாள், நடுவில் அந்த ஒரு துண்டு. கதிர் முற்றிச் சாய்ந்து, நெல் கொட்டத் தொடங்கிவிட்டது.

"மாமா, வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. வெட்டி முடிச்ச நாள் தொடக்கம் பாக்கிறன். ஒருத்தரும் வரல்ல. மற்றவங்க வேலி வரைக்கும்தான் வாறாங்க. அவர் செத்த இடத்தை மணந்து பாத்திட்டு விலகிப் போறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இனி விட்டா நெல்லு மண்ணுக்குத்தான். உன்ர வயல், நீ சொல்லு. அறுக்கட்டா?" என்று கேட்டான்.

"இல்ல மாமா. இருக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, தாத்தா கூப்பிடுறது எப்படி? முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தம்பி வரம்பில் காலை இழுத்து இழுத்து நடந்து போய், போனைக் காட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தான். வெயிலில் மரங்கள் தெரிந்தன.

"ஐயா, உங்கட பங்கு மூலையில இரிக்கு" என்று ஆரணி சத்தமாகச் சொன்னாள். ஒரு ஜெர்மன் சொல்லும் இல்லை. "வந்து எடுத்திட்டுப் போங்க."

தம்பி போனை இறக்கவில்லை. நாங்களும் வைக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் காட்டோரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தோம். ஒருவரும் வரவில்லை.